ஒரு ஞாயிறு இதழின் முடிவு

'நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு' 1843-ல் லண்டனில் தொடங்கப்பட்ட ஞாயிறு செய்தித்தாள். 1950 வாக்கில் அதன் விற்பனை 80 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. தொலைக்காட்சியும் இணையமும் வந்தபின் அது தேய்ந்து, 2011-ல் 30 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. ஆனாலும் பத்திரிகையை மூடவைத்தது விற்பனைச் சரிவு அல்ல. மக்களின் நம்பிக்கை போனதுதான்.

செல்பேசியில் பதிவாகும் குரல் தகவல்களைக் கேட்க அப்போது ஒரு ரகசிய எண் இருந்தது. செல்பேசி நிறுவனம் கொடுத்த எண்ணைப் பலர் மாற்றவே இல்லை. பத்திரிகைக்காக வேலை செய்தவர்கள் இதை வைத்துப் பிறருடைய தகவல்களை ஒட்டுக்கேட்டார்கள். அரச குடும்பம், பிரபலங்கள் என்று பேச்சு அடிபட்டவரை பொதுமக்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் 2002-ல் காணாமல்போய்க் கொலையுண்ட 13 வயதுச் சிறுமியின் செல்பேசியையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை என்பதை 2011 ஜூலை 4 அன்று 'கார்டியன்' நாளிதழ் வெளியிட்டது. மகளைத் தேடிப் பெற்றோர் தவித்த நாட்களில் நடந்த கொடுமை அது. குற்றத்தைத் தோண்டியெடுத்ததும் ஒரு செய்தித்தாள்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. நாடே கொதித்தது, விளம்பரதாரர்கள் விலகினார்கள். ஜூலை 10 அன்று கடைசி இதழ் வந்தது.

அதன்பின் பத்திரிகைகளின் நடத்தை குறித்து நீதிபதி லெவிசன் நடத்திய விசாரணையின் அறிக்கை 2012 நவம்பரில் வெளியானது. பத்திரிகையின் முன்னாள் ஆசிரியர் ஆண்டி கூல்சனுக்கு ஒட்டுக்கேட்பு வழக்கில் 2014-ல் 18 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.