உளியும் கணிப்பொறியும்



படைப்பில் எப்பகுதியைக் கருவியிடம் ஒப்படைக்கலாம், எப்பகுதியை ஒப்படைக்கலாகாது என்னும் வினா இன்று எழுதுவோரையும் வந்தடைந்துவிட்டது. அதற்கு விடை தேடுங்கால், சொல்லை விட்டுச் சற்றே கல்லின் பக்கம் செல்வது பயன் தரும். இவ்வுரைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள், இங்கிலாந்து நாட்டு இல்லங்களின் கற்கணப்பு ஆகும்.

உதகையிலும் கொடைக்கானலிலும் ஆங்கிலேயர் கட்டிய பழைய மாளிகைகளைக் கண்டோர், கூடத்துச் சுவரில் புகைபோக்கியோடு அமைந்த அக்கணப்பை அறிவர். நெருப்பு எரியும் வாயின் இருபுறமும் நிலைக்கால்கள், அவற்றின்மேல் உத்தரக்கல், அதற்கும் மேலே முன்நீண்ட விளிம்புக்கல். குளிர்நாட்டில் குடும்பம் கூடி அமரும் இடம் அதுவே. இலத்தீன் மொழியில் அடுப்பைக் குறித்த 'ஃபோகஸ்' என்னும் சொல்லே, பின்னாளில் ஒளிக்கதிர்கள் வந்து குவியும் புள்ளிக்கும் பெயராயிற்று.

கணிப்பொறி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே அக்கணப்பினுள் கணக்குப் புகுந்துவிட்டது. அமெரிக்க மண்ணில் 1753-இல் பிறந்து ஐரோப்பாவில் புகழெய்திய ரம்ஃபோர்டு பிரபு, 1796-இல் கணப்புகளைப் பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார். பழைய கணப்புகள் ஆழ்ந்து அகன்றவை. அவற்றின் வெப்பத்தில் பெரும்பகுதி புகையோடு வானேறிற்று. ரம்ஃபோர்டு ஆழத்தைக் குறைத்தார். பக்கச் சுவர்களைச் சாய்த்தார். பின்சுவரின் அகலம் முன்வாயின் அகலத்தில் மூன்றில் ஒன்றாக அமையச் செய்தார். புகை ஏறும் தொண்டையை 4 அங்குலமாக ஒடுக்கினார். அறையும் வெதும்பிற்று. ஆயினும் 1817-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தேங்கர் அபி' என்னும் புதினத்தில், கதைத்தலைவி பழைய மடாலயத்தில் கனத்த சிற்பவேலை கொண்ட பெருங்கணப்பை எதிர்பார்த்துச் சென்று, ரம்ஃபோர்டு முறையில் சுருங்கிய, வெறும் பளிங்குப் பலகைகள் பதித்த கணப்பைக் கண்டு ஏமாறுகின்றாள். கணக்குக்கும் கற்பனைக்கும் இடையிலான வழக்கு இருநூறு ஆண்டுப் பழமையுடையது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இன்று அவ்வழக்கில் புதிதாய் வந்து நிற்பது கணிப்பொறி. கற்கணப்பைக் கையால் செதுக்குவோருள் பலரும் முதலில் அதன் உருவைக் கணிப்பொறியில் முப்பரிமாணமாக அமைத்துப் பார்க்கின்றனர். நாற்காலியில் அமர்ந்தவர் கண்ணுக்கு உத்தரக்கல் எவ்வாறு தோன்றும், பலகணியின் ஒளி விளிம்பின் வளைவில் எங்கே நிழலாகும் என்பவற்றைக் கல்லில் ஒரு கீறலும் விழுமுன்னரே காண முடிகின்றது. எடையும் தெரிந்துவிடுகின்றது. 1.8 மீட்டர் நீளமும், 30 சென்டிமீட்டர் உயரமும், 25 சென்டிமீட்டர் தடிப்பும் கொண்ட சுண்ணாம்புக்கல் உத்தரம் ஏறத்தாழ 300 கிலோகிராம் நிற்கும். தரை அதனைத் தாங்குமா என்பதை முன்னரே ஆய்ந்துகொள்ளலாம். பின்னர், விளிம்பின் குறுக்குவெட்டு உருவம் முழு அளவில் அச்சிடப்பெற்று, துத்தநாகத் தகட்டில் வெட்டியெடுக்கப்படுகின்றது. அத்தகட்டைக் கல்லின் இரு முனைகளிலும் வைத்துக் கோடு கீறிய பிறகே கொட்டாப்புளியும் உளியும் வேலையைத் தொடங்குகின்றன.

அவ்விடத்தில் திரை அறியாத பொருள் ஒன்று எதிர்ப்படுகின்றது. அதுவே கல். இலண்டன் தூய பவுல் பேராலயம் கட்டப்பெற்ற போர்ட்லண்டு கல், ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. அதன் உள்ளே சிப்பிகள் உறங்குகின்றன. உளி எந்த அடியில் சிப்பியின் மேல் படும் என்பதை எக்கணிப்பொறியும் முன்கூட்டி உரைத்ததில்லை. படிவுக்கல்லுக்கு அடுக்கு உண்டு. அடுக்கறியாது வெட்டினால் விளிம்பு பெயரும். தட்டினால் நல்ல கல் மணிபோல் ஒலிக்கும். உள்வெடிப்புள்ள கல் மழுங்கிய ஓசை தரும். தமிழகத்துச் சிற்பியரும் கல்லின் ஓசை கேட்டே ஆண்கல், பெண்கல் எனப் பகுத்தனர். மேலும், சுண்ணாம்புக்கல் கடுந்தீயில் வெந்தால் சுண்ணாம்பாகிவிடும் என்பதனைக் காளவாய் கண்டோர்க்குக் கூற வேண்டுவதில்லை. ஆகவே நெருப்பைத் தொடும் உட்புறத்தைச் சூடு தாங்கும் செங்கல்லுக்கு விட்டு, செதுக்கிய கல்லைச் சற்று விலக்கியே நிறுத்துகின்றனர்.

அளவைக் கருவியிடம் ஒப்படைப்பது கலைக்கு இழுக்கா? இத்தாலியச் சிற்பி கனோவா (1757–1822) முதலில் களிமண்ணில் உருவமைப்பார்; பின்னர் அது பிளாஸ்டரில் வார்க்கப்படும். அதில் குறித்த புள்ளிகளை அளவுக்கருவி கொண்டு பளிங்குக்கு மாற்றி, மிகுதியைக் களைவது உதவியாளர் பணி. மேற்பரப்பின் இறுதி வேலையோ கனோவாவின் கைக்கே உரியது. அவரை எவரும் கருவிக்கு அடிமை என்றதில்லை.

இன்று ஒரு படி கூடிவிட்டது. கணிப்பொறி ஏவ, இயந்திரமே கல்லைச் செதுக்கும் முறையும் பரவியுள்ளது. விரைவும் ஒழுங்கும் அதன் வலிமை. அதனை மறுப்பது நேர்மையாகாது. கையால் செய்யப்பட்டது என்பதனாலேயே ஒரு பொருள் அழகாகிவிடுவதுமில்லை. விகிதம் பிழைத்த கணப்பைக் கைவேலை காப்பாற்றாது. ஆயினும் இயந்திரத்தின் சுழலும் முனை கூரிய உட்கோணத்தில் தன் வட்டத்தை விட்டுச் செல்கின்றது. அம்மூலையை முடிக்க உளியே வர வேண்டியுள்ளது. இலைவடிவின் அடியில் இன்னும் ஒரு நூலளவு ஆழ்ந்தால் நிழல் கனக்கும், அதற்கு மேல் போனால் இலை முறியும் என்னும் தீர்ப்பு, கல்லின் எதிர்ப்பைக் கையில் உணர்பவர்க்கே அந்தக் கணத்தில் கிட்டுகின்றது. கருவி திட்டத்தை நிறைவேற்றுகின்றது. கலைஞரோ வேலையின் நடுவே திட்டத்தையே திருத்துகின்றார்.

கவிதைக்கும் இது பொருந்தும். சீரையும் தளையையும் எண்ணிச் சொல்லும் வேலையைக் கருவி செவ்வனே செய்யும். எதுகைச் சொற்களை நொடியில் அடுக்கித் தரும். ஏவினால் முழுப்பாட்டையும் எழுதித் தரும் காலம் இது. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே எதிர்பாராத ஒரு சொல், கல்லுள் சிப்பி போலத் தட்டுப்படும். அதனை நீக்குவதா, அதற்காகப் பாட்டின் போக்கையே மாற்றுவதா என்பது அவ்வரிக்குப் பொறுப்பேற்றவரின் முடிவு. அப்பொறுப்பை இரவல் கொடுத்தால் எஞ்சுவது சரியான அளவு மட்டுமே.

பத்தாண்டுகளாக ஒருவர் பாட்டை ஒருவர் கேட்டுத் திருத்திவரும் இவ்வட்டத்தார், எக்கருவியையும் அஞ்ச வேண்டுவதில்லை. அளவுக்கு அதனை அழைக்கலாம். முடிக்கும் கை தமதாக இருத்தல் வேண்டும்.