ஒரு தலைக்குள் இரண்டு தராசா?

(நெய்வேலித் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"பொம்பளைக்குப் பலம் கிடையாது" என்கிறோம். பொழுது விடிந்தது முதல் சேற்றில் குனிந்து நாற்று நடுகிறவள் யார்? அந்தப் பலமில்லாதவள்தான்! வேலை வாங்கும்போது அவள் பலசாலி. கூலி கொடுக்கும்போது பலவீனமானவள். முரண்பட்ட இந்த இரண்டு கருத்துகளும் ஒரே தலைக்குள் சண்டையில்லாமல் குடியிருக்கின்றனவே, எப்படி? இதனால் லாபம் அடைகிறவன் ஒருவன் இருக்கிறான். அதுதான் விஷயம்.

யுத்தம் வந்தது, கருத்து மாறியது!

சரித்திரத்தைப் பாருங்கள். நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து பெண்களைப் படிப்படியாக வெளியேற்ற 1929இல் வெள்ளை சர்க்கார் விதி போட்டது. 1937இல் தடை முழுமையாயிற்று. பெண்ணுடலுக்கு அந்த வேலை ஆகாது என்றார்கள். 1943இல் யுத்தத்துக்கு நிலக்கரி தேவைப்பட்டது. வங்காளத்திலும் பீகாரிலும் அதே பெண்களை மறுபடி குழிக்குள் இறக்கினார்கள். யுத்தம் முடிந்தது; 1946இல் மீண்டும் தடை! நிலத்தடி வேலை கொடியதுதான், பாதுகாப்பு வேண்டியதுதான். ஆனால் மூன்றாண்டுகளில் பெண்ணுடலா மாறியது? மாறியது தேவை!

நமது நெய்வேலிக்கு வருவோம். இங்கே இருப்பது திறந்தவெளிச் சுரங்கம். இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை அதிலும் பெண்களுக்கு வேலை கூடாது என்றது 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம். அதே இரவில் ஆஸ்பத்திரியில் கண் விழித்த நர்ஸ் பெண் இல்லையா? 2019இல்தான் மத்திய சர்க்கார் விலக்கு அளித்தது: எழுத்து மூலம் சம்மதிக்கும் பெண்கள், மூன்று பேருக்குக் குறையாத குழுவாக, திறந்தவெளிச் சுரங்கத்தில் இரவு ஷிப்டு பார்க்கலாம்.

நெஞ்சில் குத்தும் முள்

இதைக் கேட்டதும் நம்மில் சிலருக்கு நெஞ்சில் முள் குத்துகிறது. பழைய எண்ணமும் கண்ணெதிரே காணும் உண்மையும் மோதுகின்றன. அப்போது மனிதன் எண்ணத்தைத் திருத்திக்கொள்கிறான். இல்லையேல் உண்மைக்குச் சாக்குச் சொல்கிறான்.

1953இல் மறைந்த மணலூர் மணியம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணக் குடும்பத்தில் பிறந்து இளம் வயதில் விதவையானவர். தலைமுடியைக் கத்தரித்து, வேட்டி சட்டை அணிந்து, கீழத்தஞ்சைப் பண்ணையாட்களைத் திரட்டினார். "அவர் ஆண்பிள்ளை போன்றவர்" என்று புகழ்கிறோம். தோழர்களே, அந்தப் புகழும் ஒரு சாக்குத்தான்! பெண் கோழை என்ற எண்ணத்தைக் காப்பாற்றிக்கொள்ள, வீரம் காட்டிய பெண்ணைப் பெண் கணக்கிலிருந்தே எடுத்துவிடுகிறோம்.

"காலம் மாறிவிட்டது" என்று முதலாளி சொன்னாலும் அப்படியே விழுங்காதீர்கள். இரவு வேலைக்குப் பெண்ணை அழைக்கிறானே, வாகனம் உண்டா? கழிப்பறை உண்டா? குழந்தைக் காப்பகம் உண்டா? மறுத்தால் வேலை நிலைக்குமா? பழைய கருத்தையும் புதிய கருத்தையும் ஒரே தராசில் நிறுங்கள்: யாருக்கு லாபம்? யாருக்குச் சுமை?

சம ஊதியச் சட்டம் 1976இல் வந்தது. ஆயினும் வயலில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்ற வழக்கம் சாகவில்லை. பண்ணைக்காரன் கொடுத்த கூலியை எண்ணி வாங்கும்போது, பக்கத்தில் நிற்கும் பெண்ணின் கையையும் பாருங்கள். அது குறைந்தால் நாளை நம் கூலியையும் குறைக்க அதுவே வழி. அடுத்த கூலிப் பேச்சில் சம வேலைக்குச் சம கூலி என்பதே நமது முதல் கோரிக்கையாகட்டும்! அதைப் பேசப் போகும் குழுவில் பெண் தோழர்களும் உட்காரட்டும்!