தைராய்டு மாத்திரையை நாமாக நிறுத்தலாமா?

(ரமலானுக்கு முன் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் நம் செயலாளர் ஆற்றிய உரை)



மருந்து உதவிக்காக நம் அலுவலகம் வரும் சகோதரிகள் சிலர், "டெஸ்ட் நார்மல் ஆயிடுச்சு, தைராய்டு மாத்திரையை விட்டுட்டேன்" என்கிறார்கள். வேறு சிலர், நோன்பு மாதம் முழுக்க நிறுத்திவிடுவதாகச் சொல்கிறார்கள். இதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

கழுத்தின் முன்பக்கம் உள்ள தைராய்டு சுரப்பிதான் உடல் இயங்கும் வேகத்தைச் சீராக வைக்கிறது. அதன் ஹார்மோன் குறைந்தால் ஓயாத அசதி, எடை கூடுதல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முடி உதிர்தல், மாதவிடாயில் அதிக உதிரப்போக்கு, மனச்சோர்வு எல்லாம் வரலாம். வீட்டுப் பெண்ணைச் சோம்பேறி என்று சொல்லும் முன், மருத்துவரிடம் காட்டி டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்துவிடுவோம். பொதுவாக, தைராய்டு சுரப்பு குறையும்போது டி.எஸ்.எச். அளவு ஏறும்.

மாத்திரை சுரப்பியைக் குணப்படுத்துவதில்லை. சுரப்பி தராததை ஈடு செய்கிறது. டெஸ்ட் நார்மல் என்றால் மாத்திரை வேலை செய்கிறது என்று பொருள். நிறுத்தினால் உடனே தெரியாது. அந்த மருந்து உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் ஆகும். அதனால்தான் "விட்டும் நல்லாத்தானே இருக்கேன்" என்று ஏமாந்துபோகிறோம். பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு குறைவு சிலருக்குத் தானாகச் சரியாகலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே.

கர்ப்பிணிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். முதல் மூன்று மாதங்களில் சிசுவின் மூளை வளர்ச்சி தாயின் தைராய்டு ஹார்மோனை நம்பியே இருக்கிறது. கர்ப்பம் தெரிந்தவுடன் மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலும் மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டிவரும்.

நோன்பு காலத்திலும் மாத்திரையை விட வேண்டியதில்லை. ஸஹருக்கு எழுந்தவுடன் வெறும் வயிற்றில் தண்ணீருடன் போட்டுவிட்டுச் சமையலைத் தொடங்குங்கள். உணவுக்கும் டீக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். அது முடியாவிட்டால், இரவு உணவு முடிந்து 3 மணி நேரமாவது கழித்துப் படுக்கும்போது போடலாம். எந்த நேரம் என்று மருத்துவரிடம் கேட்டு, அதையே தொடருங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை 4 மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

பணமில்லை என்பதற்காக யாரும் நிறுத்த வேண்டாம். மருந்துச் சீட்டுடன் நம் அலுவலகம் வாருங்கள். இன்ஷா அல்லாஹ், நம்மால் ஆனதைச் செய்வோம். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.