முந்நூறு சதுர அடி வீட்டுக்கு இன்ஜினியர் எதற்கு?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகை விழாவில், சிவில் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"படிப்புக்குப் பின் என்ன?" என்ற தலைப்பில் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். எனக்கு முன் பேசியவர்களில் ஒருவர் துபாயில் கோபுரம் கட்டுகிறார். இன்னொருவர் மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்டுகிறார். நான் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் அரசுத் தொகுப்பு வீடுகளைப் பார்க்கிற ஒன்றியப் பொறியாளன். 2010-ல் இந்தக் கல்லூரியை விட்டு வெளியே போனேன். மூன்று வருடம் சென்னையில் அடுக்குமாடிக் கட்டட வேலை பார்த்தேன். பிறகு தேர்வாணையப் பரீட்சை எழுதி ஊரக வளர்ச்சித் துறைக்கு வந்தேன்.

நான் வேலையில் சேர்ந்த சமயம் என் வகுப்புத் தோழன் ஒருவன் போனில் கேட்டான்: "ஏண்டா, முந்நூறு சதுர அடி வீட்டுக்கு எதுக்குடா இன்ஜினியர்? கொத்தனாரே கட்டிருவாரே!" கேலியாகத்தான் கேட்டான். ஆனால் நியாயமான கேள்வி. அதற்குரிய பதிலைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன். இந்த வேலையைத் தேர்ந்தெடுக்கலாமா வேண்டாமா என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் வரலாறு. நம் மாநிலத்தில் வீட்டு வசதி வாரியம் 1961-ல் வந்தது. குடிசை மாற்று வாரியம் 1970-ல் வந்தது; 2021-ல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. கிராமங்களுக்கு 1985-ல் இந்திரா குடியிருப்புத் திட்டம் வந்தது. மதுரைப் பக்கம் மேலக்கோட்டையில் 1998-ல் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீடுகள், எல்லாச் சாதிக்காரர்களும் அடுத்தடுத்த வீட்டில். 2011-ல் சூரிய ஒளி பசுமை வீடுகள், ஒவ்வொன்றும் 300 சதுர அடி. 2016-ல் பிரதமர் வீட்டு வசதித் திட்டம், குறைந்தது 25 சதுர மீட்டர். 2024-ல் கலைஞர் கனவு இல்லம்: 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம், வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்பது இலக்கு.

ஆட்சிகள் மாறும்; திட்டத்தின் பெயரும் மாறும். ஆனால் வீட்டுக்கு அடியில் இருக்கிற மண் மாறுவதில்லை. என் பதில் அந்த மண்ணில் இருந்துதான் தொடங்குகிறது.

அருப்புக்கோட்டையைச் சுற்றிப் பெரும்பாலும் கரிசல். ஐப்பசி, கார்த்திகையில் மழை விழுந்தால் ஊதும். சித்திரை வெயிலில் சுருங்கிக் கால் நுழைகிற அளவு வெடிக்கும். வகுப்பில் இதை "விரியும் மண்" என்று இரண்டு மார்க் கேள்விக்காகப் படித்தோம். களத்தில் நடப்பது இதுதான். வீட்டின் நடுப்பகுதிக்கு அடியில் உள்ள ஈரம் அவ்வளவாக மாறாது. ஓரத்து மண் மட்டும் மழைக்கு ஊதி, வெயிலுக்கு இறங்கும். சுவர் தாங்குமா? ஜன்னல் மூலையில் இருந்து சாய்வாகக் கீறல் விடும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நான்கு மாடிக் கட்டடம் தன் எடையாலேயே மண்ணின் ஊதலை ஓரளவு அமுக்கிவிடும். ஒரே தளம் உள்ள சின்ன வீடு எடை குறைந்தது. மண் அதைத் தூக்கிவிடும். அதாவது, வீடு சின்னதாக ஆக ஆகக் கரிசலில் ஆபத்து கூடுகிறது! கொத்தனார் கெட்டிக்காரர்தான். ஆனால் செம்மண் ஊரில் மூன்றடி வானம் தோண்டிப் பழகியவர் கரிசலிலும் மூன்றடிதான் தோண்டுவார். அங்கே ஒருவர் நின்று, "அண்ணே, இன்னும் கீழே போங்க. கரிசலை எடுத்துட்டு மணலும் கிராவலும் போட்டு இடிங்க. மேலே பெல்ட் கான்கிரீட் போடாம சுவர் எழுப்பாதீங்க" என்று சொல்ல வேண்டும். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் இந்த மண்ணுக்கென்றே அடியில் குடை விரித்த மாதிரி பைல் அஸ்திவாரத்தை உருவாக்கிக் கொடுத்திருக்கிறது. எந்த இடத்துக்கு எது போதும், எது அதிகச் செலவு என்று சொல்லத்தான் இன்ஜினியர்.

அடுத்தது தண்ணீர். திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் பல ஊர்களில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது ஐஎஸ் 456. மீறினால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, பத்து வருடத்தில் தளம் பெயர்ந்து தொட்டிலில் கிடக்கிற பிள்ளை மேல் விழும். நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் டிராக்டர் டேங்கர், அதற்குக் காசு. தளம் போட்ட பிறகும் விடாமல் நீராற்ற வேண்டும். இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட். அதற்குப் பத்து நாள். குடிக்கவே குடம் தூக்குகிற ஊரில், "பத்து நாளைக்குத் தளத்தில் தண்ணி கட்டு தாயி" என்று எந்த வாயால் சொல்வது? அதனால் சாக்கு, வைக்கோல் விரித்து, குறைந்த தண்ணீரில் ஈரம் காக்கும் வழியைச் செய்து காட்ட வேண்டும். மணலில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினால் எவ்வளவு மிச்சம் என்று கணக்குச் சொல்ல வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் ஒப்பந்தக்காரர் கிடையாது. பயனாளியே கட்ட வேண்டும். பணம் மொத்தமாக வராது. பேஸ்மெண்ட், லிண்டல், தளம் என்று கட்டம் கட்டமாக, நாம் அளந்து பதிந்த பிறகுதான் அவர் வங்கிக் கணக்குக்குப் போகும். சென்னையில் அடுக்குமாடி கட்டும் முதலாளிக்கு ஒரு பில் இரண்டு மாதம் தள்ளினால் வங்கி இருக்கிறது. இங்கே?

ஓர் ஊரில் ஒரு அப்பத்தா. கணவர் இல்லை. கரி மூட்டத்தில் சீமைக்கருவேல விறகு அடுக்கும் வேலை. பேரப்பிள்ளைகள் இரண்டு. வீடு லிண்டல் மட்டம் வரை வந்து நின்றுவிட்டது. அடுத்த தவணை வரும் என்று நம்பிச் செங்கலுக்கும் சிமெண்டுக்கும் மூணு வட்டிக்கு வாங்கியிருந்தார். நான் அளக்கப் போன அன்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஏப்பா இன்ஜினியரு, ஒன் கையெழுத்து ஒரு வாரம் முந்தி வந்தா எனக்கு ஒரு மூட்டை சிமெண்டு மிச்சம்ப்பா."

மூணு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். ஐம்பதாயிரத்துக்கு மாதம் ஆயிரத்து ஐந்நூறு. ஒரு வாரத்துக்கு முந்நூற்றைம்பது. அவர் கணக்கு சரிதான். அன்றே அளந்து, அன்றே எம்-புக் எழுதி, அன்றே படம் ஏற்றினோம். ஆடி முடிவதற்குள் தளம் போட்டாயிற்று. ஐப்பசி மழைக்கு அவர் உள்ளே இருந்தார். நான் செய்தது தியாகம் இல்லை. சம்பளம் வாங்கிச் செய்கிற வேலை. ஆனால் அந்த வேலையில் ஒரு வார வித்தியாசம் யார் தலையில் விழுகிறது என்று எனக்குத் தெரியும். சென்னையில் எனக்கு அது தெரியாது. என் தேர்வுக்கு இதுதான் காரணம்.

இனி, இதில் உள்ள சங்கடங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வீடு வாங்க இடம் வேண்டும், பட்டா வேண்டும். புறம்போக்கில் மூன்று தலைமுறையாக இருப்பவருக்குப் பட்டா இல்லை. ஆகவே திட்டம் அவரைத் தொடுவதில்லை. யாருக்கு வீடு மிக அவசியமோ அவர் பட்டியலுக்கு வெளியே நிற்பதைப் பார்த்துக்கொண்டே அடுத்த வீட்டை அளந்துவிட்டு வர வேண்டியிருக்கும். இது இன்ஜினியரால் மட்டும் தீர்கிற காரியம் இல்லை. வருவாய்த் துறைக்கு எழுதலாம், மனு எழுத உதவலாம், கிராம சபையில் எழுந்து சொல்லச் சொல்லலாம். அதற்கு மேல் பொறுமைதான். அதே மாதிரி, ஒரே வரைபடம் எல்லோருக்கும் ஒத்துவராது. நெசவாளர் வீட்டில் தறி எங்கே போகும்? குழித்தறிக்கு மண்ணில் பள்ளம் வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும். தறிக்கு இடம் விட்டுச் சுவரைத் தள்ளிப் போட்டால் அந்த வீடு சோறும் போடும். சென்னையில் 2000-ஆம் ஆண்டுவாக்கில் கண்ணகி நகருக்குக் குடும்பங்களைக் கொண்டு போனபோது கற்ற பாடமும் இதுதான்: பிழைப்பை விட்டுத் தூரமாக வைத்த வீடு பாதி வீடு.

செலவைக் குறைத்தவர்களையும் படியுங்கள். லாரி பேக்கர் என்று ஒருவர், 1917-ல் இங்கிலாந்தில் பிறந்து, 2007-ல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். செங்கலை நிறுத்தி வைத்து நடுவில் காற்று விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டைக் கேரளம் முழுக்கப் பரப்பினார். கிட்டத்தட்ட கால்வாசி செங்கல் மிச்சம். வீட்டுக்குள் வெக்கையும் குறைவு. நம் ஊர் வெயிலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆரோவில்லில் மண்ணை அழுத்திச் சுடாத கல் செய்கிறார்கள். ஆனால் இதை நேரே கரிசலில் செய்ய முடியாது. மண்ணைச் சோதித்துக் கலவை பார்க்க வேண்டும். அங்கேயும் இன்ஜினியர் வேண்டும்.

தம்பி தங்கைகளே! எல்லோரும் இந்த வேலைக்கு வாருங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. குடும்பக் கடன் இருக்கிறவன் முதலில் அதை அடைக்க எங்கே சம்பளம் கிடைக்கிறதோ அங்கே போகட்டும். அதில் வெட்கம் இல்லை. வர நினைப்பவர்களுக்கு வழிகள் உண்டு. தேர்வாணையத்தின் பொறியியல் பணித் தேர்வு, வீட்டு வசதி வாரியம், வாழ்விட வாரியம், மத்திய அரசின் ஹட்கோ, சில தொண்டு நிறுவனங்கள். இரண்டு வருடம் தனியார் சைட்டில் நின்றுவிட்டு வந்தால் இன்னும் நல்லது. கொத்தனார் உங்களை ஏமாற்ற முடியாது. அதைவிட, அவரிடம் கற்றுக்கொள்ளவும் தெரியும்.

கடைசியாக, முன்னாள் மாணவர்களாகிய நம்மிடம் ஒரு கோரிக்கை. நம் கல்லூரியில் மண் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் அது பூட்டியே கிடக்கிறது. வீடு கட்டப் போகும் ஏழைக் குடும்பம் ஒரு பை மண்ணும் ஒரு பாட்டில் தண்ணீரும் கொண்டு வந்தால், இலவசமாகச் சோதித்து, ஒரே பக்கத்தில் தமிழில், "இத்தனை அடி தோண்டவும், இந்தத் தண்ணீர் கலவைக்கு ஆகும் அல்லது ஆகாது" என்று எழுதிக் கொடுக்கலாம். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் செய்யட்டும், ஆசிரியர் கையெழுத்திடட்டும், ரசாயனச் செலவைச் சங்கம் ஏற்கட்டும். ஊருக்கு ஊர் அறிவிப்பு கொண்டு போவது என் பொறுப்பு. நினைவுப் பரிசுக்கு ஆகிற செலவில் பாதி கூட இதற்கு ஆகாது.

என் தோழனுக்கு அன்று போனில் நான் சொன்ன பதில் சின்னது: "பெரிய வீட்டுக்காரன் கீறல் விட்டால் வேறு இன்ஜினியரைக் கூப்பிடுவான். முந்நூறு சதுர அடிக்காரனுக்கு ஆயுளுக்கும் ஒரே வீடுதான். அதனால் அவனுக்குத்தான் முதலில் இன்ஜினியர் வேண்டும்."