கால் நகச்சொத்தையும் வீட்டுச் சட்டித் தண்ணீரும்

(படுவான்கரைக்குத் திரும்பும் குடும்பங்களுக்காகக் களுவாஞ்சிக்குடியில் நிகழ்த்தப்பட்ட சுகாதார உரையின் எழுத்து வடிவம்)



2007 மார்ச்சில் படுவான்கரையிலிருந்து இந்தக் கரைக்கு வந்த நீங்கள் இப்போது பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து ஊருக்குத் திரும்புகிறீர்கள். கிணறு, மிதிவெடி, பாம்புக்கடி பற்றி இந்தக் கையேட்டின் மற்றப் பக்கங்களில் இருக்கிறது. நான் பேச வந்தது கால் நகத்தைப் பற்றி. சின்ன விஷயம் போலத்தான் தெரியும். ஆனால் ஊருக்குப் போனதும் வளவைத் துப்புரவாக்க வேண்டும். மாரி மழை தொடங்கினால் வேளாண்மைக்கு வட்டைக்குள் இறங்க வேண்டும். இரண்டுக்கும் நல்ல கால் வேண்டும்.

நகம் மஞ்சளாகித் தடித்து, நுனியில் மாவு போல உதிர்ந்தால் நாங்கள் நகச்சொத்தை என்கிறோம். அதற்குப் பெரும்பாலும் காரணம் ஒருவகைப் பூஞ்சணம். விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணும் அநேகமாக அதே இனந்தான். முதலில் விரலிடுக்கில் வந்து, பிறகு நகத்துக்குள் போகும். முகாமில் பலர் ஒரே குழாயடியில் கால் கழுவினீர்கள். ஒருவரின் செருப்பை மற்றவர் போட்டீர்கள். கால் காயவே நேரமில்லை. அதனால் இது பரவியதில் புதுமை இல்லை. யாரும் வெட்கப்படவும் வேண்டாம்.

இதற்கு வீட்டில் என்ன செய்கிறோம்? உப்புத் தண்ணீரில் கால் வைக்கிறோம். வேப்பிலை அவித்த தண்ணீர், மஞ்சள் தண்ணீர், வினாகிரி என்று ஆளுக்கொரு முறை இருக்கிறது. இவற்றைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். பூஞ்சணம் இருப்பது நகத்தின் அடியில். நகமோ ஓடு போலக் கெட்டியானது. சட்டியில் இருக்கும் தண்ணீர் அந்த ஓட்டைத் தாண்டி அடிவரை போதிய அளவு போவதில்லை. ஆகவே கால் ஊறவைப்பதால் மட்டும் நகச்சொத்தை மாறும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதை நம்பி விலை கொடுத்து எண்ணெயும் தைலமும் வாங்கவும் வேண்டாம். அந்தக் காசுக்கு ஆளுக்கொரு சோடி செருப்பு வாங்கலாம்.

அப்படியென்றால் ஊறவைப்பதில் பயனே இல்லையா? இருக்கிறது. தடித்த நகம் மெத்தென்று ஆகும், வெட்டுவது சுலபம். அழுக்குப் போகும். செய்யும் முறை இதுதான். இளஞ்சூடான தண்ணீர் எடுங்கள். சூட்டை முழங்கையால் பாருங்கள், காலால் பார்க்க வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். உப்போ வேப்பிலையோ போட விரும்பினால் போடலாம், தீங்கில்லை. வினாகிரி என்றால் ஒரு கோப்பைக்கு இரண்டு கோப்பை தண்ணீர் கலக்க வேண்டும். எரிந்தால் உடனே நிறுத்துங்கள். பிறகு நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரத்தைத் தோண்ட வேண்டாம். கடைசியாக, விரலிடுக்கு ஒவ்வொன்றையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். ஊறவைத்துவிட்டு ஈரத்தோடு விட்டால் பூஞ்சணத்துக்குத்தான் நல்லது.

சட்டிக்குள் போடக் கூடாதவையும் இருக்கின்றன. கிணறு இறைத்துச் சுத்தமாக்கக் குளோரின் தூள் தருவார்கள். அது கிணற்றுக்கு மட்டும். காலில் பட்டால் தோலை எரித்துவிடும். பற்றரி அசிட், மண்ணெண்ணெய் இரண்டும் வேண்டவே வேண்டாம். பச்சை உள்ளியை அரைத்து நகத்தில் வைத்துக் கட்டினால் தோல் வெந்து கொப்புளம் போடும். மூலிகை பறிக்கவென்று துப்புரவு செய்யப்படாத பற்றைக்குள் இறங்கவும் வேண்டாம். ஒரு பிடி இலைக்காக ஒரு காலை இழக்கக் கூடாது.

சிலர் காலை ஊறவைக்கவே கூடாது. சலரோகம் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். தண்ணீர் கொதித்தாலும் தெரியாது. சின்னக் காயமும் பெரிய புண்ணாகும். வீட்டில் வயதானவர்களுக்குச் சலரோகம் இருந்தால் நகத்தை நீங்கள் வெட்டிவிடாமல் கிளினிக்கில் காட்டுங்கள். காலில் மரத்துப்போன இடம், அல்லது உணர்ச்சியில்லாத வெளிறிய தேமல் இருந்தால் அது தொழுநோயாகவும் இருக்கலாம். மாந்தீவு வைத்தியசாலையை நினைத்துப் பயந்து மறைக்க வேண்டாம். இப்போது வீட்டில் இருந்துகொண்டே 6 அல்லது 12 மாதம் மாத்திரை குடித்தால் மாறும். அரச வைத்தியசாலையில் அது இலவசம்.

நகச்சொத்தைக்கும் மருந்து உண்டு. ஆனால் தடித்த நகம் எல்லாம் பூஞ்சணம் அல்ல. கல்லடி பட்ட நகமும் தடிக்கும். ஆகவே வைத்தியர் முதலில் நகத்தைப் பார்க்க வேண்டும். தேவையானால் சுரண்டிப் பரிசோதிப்பார். கால் நகத்துக்கான மாத்திரையை வழமையாக 12 வாரமளவு குடிக்க வேண்டும். ஈரல் வருத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணித் தாய்மாரும் அதை முதலே சொல்ல வேண்டும். கடையில் கேட்டு வாங்கிக் குடிக்கக் கூடாது. பெருவிரல் நகம் மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீற்றர்தான் வளரும். முழு நகமும் புதிதாக வர 12 முதல் 18 மாதம் ஆகும். ஒரு மாதத்தில் மாறவில்லை என்று மருந்தை இடையில் நிறுத்தாதீர்கள்.

விரலிடுக்குச் சேற்றுப்புண் மட்டும் என்றால் பூசுமருந்திலேயே மாறும். வட்டைக்குள் இறங்கும் முன்னர் அதை மாற்றிவிடுங்கள். வெடித்த தோல் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி உடம்புக்குள் போகும். தடுப்பு மருந்து பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். வயல் வேலைக்குப் பிறகு காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை நோவும் வந்தால், வயலில் இறங்கியதைச் சொல்லி அன்றே வைத்தியரைப் பாருங்கள்.

கால் வீங்கிச் சிவந்தால், சீழ் வந்தால், நகத்தடியில் காரணமில்லாமல் கறுப்புக் கோடு வந்தால் சட்டித் தண்ணீரோடு காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போங்கள்; அங்கிருந்து தேவையானால் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். முகாமில் தந்த கிளினிக் கொப்பியை மறக்காமல் கொண்டுபோங்கள்.

இன்றிரவே ஆரம்பிக்கக்கூடிய வேலை ஒன்று சொல்கிறேன். படுக்கப் போகுமுன் வீட்டில் எல்லோருடைய விரலிடுக்கையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். துடைத்து உலர விடுங்கள். செருப்பையும் நகவெட்டியையும் ஆளுக்காள் மாற்ற வேண்டாம். செருப்பைப் பகலில் வெயிலில் வையுங்கள். இதற்குக் காசு தேவையில்லை.

ஊர் போய்ச் சேர்ந்து நல்லபடியாக வேளாண்மை செய்ய வாழ்த்துகிறேன்.