மிளகும் விண்மீனும்



சேர்வராயன் மலையின் செம்மநத்தத்தில் தை மாத முன்னிரவில் கிழக்கு நோக்கி நிற்போர்க்குச் செந்நிறத் திருவாதிரை தெளிவாகப் புலப்படும். அதற்குத் தென்கிழக்கே சிரியசு வெண்ணிறமாகச் சுடர்விடும். கண்ணுக்கு இரண்டும் வெறும் புள்ளிகளே. சிரியசே மிக ஒளியுடையதாகத் தோன்றுவதால் அதுவே பெரிது என்று கருதுவதும் இயல்பே.

சூரியனின் விட்டம் ஏறத்தாழ 14 இலட்சம் கிலோமீட்டர். பூமியின் விட்டத்தைப்போல் 109 மடங்கு. இம்மலையில் காபிச் செடிகளுக்கு நிழல்தரும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்வதை அனைவரும் அறிவர். அக்கொடியின் ஒரு மிளகைச் சூரியனாகக் கொண்டால், திருவாதிரை ஓர் அறையையே நிறைக்கும் உருண்டையாகும். சூரியன் இருக்குமிடத்தில் அது இருந்தால் பூமியும் செவ்வாயும் அதனுள் அடங்கிவிடும். 1920ஆம் ஆண்டு அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் மைக்கல்சனும் பீசும் அதன் விட்டத்தை அளந்தனர். சூரியனுக்கு அடுத்தபடியாக விட்டம் அளக்கப்பெற்ற முதல் விண்மீன் அதுவே.

ஆனால் இப்பேருருவத்தினுள் இருக்கும் பொருளோ சூரியனைப்போல் பதினைந்து, இருபது மடங்கு அளவினதே. ஆகவே சராசரியாகப் பார்த்தால் மூச்சுக்காற்றை விடவும் அது பல்லாயிரம் மடங்கு மெலிந்தது!

சிரியசுக்குக் கண்ணுக்குப் புலனாகாத துணையொன்று உண்டு. அது சூரியனின் நிறையைப் பூமியளவுக்குள் ஒடுக்கிவைத்த வெண்குறுமீன். மிளகுக் கணக்கில் அது ஒரு தூசி. இத்தகைய விண்மீனின் நிறை கூடக்கூட உருவம் சுருங்கும் என்பதே வியப்பு. அச்சுருக்கம் எதுவரை செல்லும்?

சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகர், 1930இல் தம் பத்தொன்பதாம் வயதில், இங்கிலாந்து செல்லும் கப்பலிலேயே இதனைக் கணக்கிட்டார். சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட நிறையை வெண்குறுமீன் தாங்காது என்பது அவர் கண்ட முடிவு. அவ்வெல்லையைக் கடந்தது சுமார் 20 கிலோமீட்டர் விட்டமுள்ள நியூட்ரான் விண்மீனாகலாம். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறிவரும் பாதை அதனினும் நீளம். நிறை மேலும் மிகுந்தால் கருந்துளையே.

1935 சனவரியில் இலண்டன் வானியல் கழகக் கூட்டத்தில், பேரறிஞர் எடிங்டன் இம்முடிவை வெளிப்படையாக எள்ளினார். அங்கு எவரும் இளைஞர்க்குத் துணைநிற்கவில்லை. சந்திரசேகர் வாதத்தைக் கைவிடவும் இல்லை. எடிங்டனோடு கொண்ட நட்பை முறிக்கவும் இல்லை. நோபல் பரிசு 1983இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, எடிங்டனின் நூற்றாண்டையொட்டிக் கேம்பிரிட்சில் அவர்தம் சிறப்பினை எடுத்துரைத்துச் சொற்பொழிவாற்றியவர் சந்திரசேகரே.