வீட்டு வருமானமும் அதன் பங்கீடும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நம் பாட்டனார் காலத்தில் நம் வீட்டு வருமானம் மரக்காலால் அளக்கப்பட்டது. செங்கற்பட்டுச் சீமையில் படியாளுக்கு நெல்லே கூலி. ஏரி நிறைந்தால் நெல், வறண்டால் கடன். நிலம் ஊரில், உழைப்பு சேரியில் என்பதே அன்றைய பங்கீடு. இதனைக் கண்டே செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் அறிக்கை அளித்தார். 1892-இல் நமக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. அப்பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி பின்னர்ப் பிறர் கைக்குப் போயிற்று. இதனை இன்று எடுத்துரைக்கக் காரணம் உண்டு.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. 2006-இல் திருப்பெரும்புதூரில் நோக்கியாவும், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசானும் வந்தன. ஆலைகளுக்கு நிலம் எடுக்கப்பட்டபோது பட்டா வைத்திருந்தோர் இழப்பீடு பெற்றனர். அதே நிலத்தில் நாற்று நட்டவருக்கும் களை பறித்தவருக்கும் கிடைத்தது ஒன்றுமில்லை. நிலமுடையோர் சிலர் அப்பணத்தில் மாடி கட்டி, வெளியூர்த் தொழிலாளருக்கு அறைகளை வாடகைக்கு விட்டனர். சிலர் வேன் வாங்கி ஆலைக்கு ஆள் ஏற்றினர். நம் தெருவுக்கு வந்தது சம்பளம் மட்டுமே. வேலை நின்றால் சம்பளமும் நின்றுவிடும். மாடி வீட்டு வாடகைக்கு அக்கவலை குறைவு.

மாதச் சம்பளத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. கூலிக்காகப் பிறர் வாசலில் கைகட்டி நின்ற நிலை அதனால்தான் அகன்றது. தந்தையினும் மிகுதியாக ஈட்டும் மகள்கள் இன்று நம் வீடுகளில் உள்ளனர். ஆயினும், பல வீடுகளில் மகளின் ஏ.டி.எம். அட்டை தந்தையின் சட்டைப் பையில் அன்றோ இருக்கிறது! வீட்டுக்குள்ளும் பங்கீடு உண்டு என்பதைத் தந்தைமார் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

நம் தெருவிலேயே இப்போது ஏற்றத்தாழ்வு தோன்றியுள்ளது. ஒரே ஆலைக்கு ஒரே பேருந்தில் செல்லும் இருவரில் ஒருவர் நிரந்தரத் தொழிலாளி, மற்றவர் ஒப்பந்தத் தொழிலாளி. முன்னவருக்கு வங்கி கடன் தருகிறது. பின்னவர் நகையை அடகு வைக்கிறார். நிரந்தரமும் நிலையானதன்று. 2014 நவம்பர் 1-இல் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியபோது ஆயிரக்கணக்கானோர் வருமானம் இழந்தனர். 2024 செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர் சங்க அங்கீகாரமும் ஊதிய உயர்வும் கோரி ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தனர்.

நாட்டின் கணக்கும் இவ்வாறே. பிக்கெட்டி முதலான பொருளியலறிஞர் 2024-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நாட்டு வருமானம் 100 ரூபாய் எனில், நூற்றுக்கு ஒருவரான பெருஞ்செல்வர் 1982-இல் பெற்றது சுமார் 6 ரூபாய். 2022-23-இல் 22 ரூபாய்க்கும் மேல்.

ஆதலின் இளைஞர்களிடம் இரண்டு வேண்டுகோள் வைக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்போடு ஆலை வாயிலுக்குச் சென்று நில்லாதீர்கள், ஐ.டி.ஐ. அல்லது பாலிடெக்னிக் முடித்துச் செல்லுங்கள். இயந்திரத்தைப் பழுது பார்க்கத் தெரிந்தவரை அத்துணை எளிதில் மாற்றிவிட இயலாது. அடுத்து, உங்கள் கிராமத்தின் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். பஞ்சமி நிலம் எனக் குறித்துள்ள புல எண்களை எழுதி வாருங்கள். ஒப்பந்ததாரர் மாறும்போது விட்டுப்போன வருங்கால வைப்புநிதிக் கணக்கு உள்ளவர்கள், சம்பளச் சீட்டுடன் ஞாயிறு காலை சங்கக் கட்டடத்துக்கு வரலாம். விண்ணப்பம் எழுத ஆசிரியர் இருவர் அங்கே இருப்பர்.